ஸ்மார்ட் மீட்டர்: நகரி பக்கத்துத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்த ஆந்திர ஊர்களில் பல வீடுகளில் உள்ளே தமிழ், கரண்ட் ஆபீஸில் தெலுங்கு. ஆபீஸிலிருந்து வரும் சீட்டு தெலுங்கில் இருக்கும், போனுக்கு வரும் மெசேஜ் இங்கிலீஷில் இருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கோ தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். எங்கள் தெருவில் அந்தச் சீட்டுகளைப் படித்துச் சொல்லும் வேலை பல வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது.

ஸ்மார்ட் மீட்டர் பேச்சு கிளம்பியதிலிருந்து சீட்டைவிடக் கேள்விகள்தான் அதிகம். "ஆள் வந்தா கதவைத் திறக்காதே" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புரியாத மொழியில் வரும் எதையும் யார்தான் நம்புவார்கள்? கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதுகிறேன்.

ஸ்மார்ட் மீட்டர் என்றால் என்ன? இப்போது இருப்பதும் டிஜிட்டல் மீட்டர்தானே?

ஆமாம், பெரும்பாலான வீடுகளில் சக்கரம் சுற்றும் மீட்டர் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது. மின்சாரத்தை அளக்கிற விதத்தில் டிஜிட்டல் மீட்டருக்கும் ஸ்மார்ட் மீட்டருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் இரண்டே. ஒன்று, சிம் கார்டு மூலமாகவோ ரேடியோ அலை மூலமாகவோ கணக்கைத் தானே அனுப்பும். இரண்டு, உள்ளே ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆபீஸில் இருந்தபடியே உங்கள் வீட்டு இணைப்பைத் துண்டிக்கலாம், திரும்பக் கொடுக்கலாம்.

முதலாவது பெரிய விஷயம் இல்லை. இரண்டாவதைத்தான் கவனிக்க வேண்டும். ப்ரீபெய்டு கேள்வி வரும்போது சொல்கிறேன்.

யார் சொல்லி இது வருகிறது?

2021 ஜூனில் மத்திய அரசு மின்விநியோக நிறுவனங்களைச் சீர்செய்ய ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மொத்த மதிப்பு 3,03,758 கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் பங்கு 97,631 கோடி. நாடு முழுவதும் 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் மாட்டுவது அதன் முக்கியமான பகுதி. வழியில் காணாமல் போகும் மின்சாரத்தையும் வசூலாகாத பணத்தையும் குறைக்க வேண்டும் என்பது நோக்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு மீட்டருக்கு மத்திய அரசு கொடுப்பது விலையில் 15 சதவீதம் அல்லது 900 ரூபாய், இதில் எது குறைவோ அது. மீதி? ஒரு தனியார் நிறுவனம் முதலைப் போட்டு மாட்டும், பராமரிக்கும். மின்நிறுவனம் அதற்கு மாதாமாதம் பணம் கட்டும். மாட்ட வருகிறவர் உங்கள் கையில் ஒரு பைசா கேட்கக்கூடாது, அது உண்மை. ஆனால் "இலவசம்" என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மைதான். மின்நிறுவனத்தின் செலவு எல்லாம் கடைசியில் கட்டண உத்தரவு வழியாக நம் பில்லுக்குத்தான் வந்து சேரும்.

கட்டாயமா? வேண்டாம் என்று சொல்லலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் உங்களை ஏமாற்றியதாகிவிடும்.

மீட்டர் இல்லாமல் மின்சாரம் கொடுக்கக்கூடாது என்று 2003-ம் வருஷ மின்சாரச் சட்டம் 55-ம் பிரிவில் சொல்கிறது. 2020 டிசம்பரில் வந்த மின்நுகர்வோர் உரிமை விதிகள், அந்த மீட்டர் ப்ரீபெய்டு வகையாக இருக்க வேண்டும், வேறு வகை வேண்டுமானால் மாநில ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்க வேண்டும் என்கின்றன. அதே மின்சாரச் சட்டத்தின் 47-ம் பிரிவில் இன்னொரு வாசகம் இருக்கிறது. ப்ரீபெய்டு மீட்டர் வழியாக மின்சாரம் வாங்க ஒருவர் "தயாராக இருந்தால்" அவரிடம் டெபாசிட் கேட்கக்கூடாது என்பது அது. "தயாராக இருந்தால் என்றால் தயாராக இல்லாமலும் இருக்கலாம் என்றுதானே பொருள்?" என்று நுகர்வோர் தரப்பில் வாதிடுகிறார்கள். நியாயமான வாதம் என்றே எனக்குப் படுகிறது.

ஆந்திரத்தில், வீட்டு இணைப்புகளுக்கு நுகர்வோர் சம்மதம் இல்லாமல் ஸ்மார்ட் மீட்டர் மாட்டமாட்டோம் என்று எரிசக்தித் துறை அமைச்சர் கொட்டிப்பாட்டி ரவிக்குமார் 2025-ல் சொன்னார். அமைச்சரின் வார்த்தை முக்கியம்தான், ஆனால் அது சட்டம் ஆகாது. ஆட்சி மாறினாலும் மாறலாம். ஆகவே வேண்டாம் என்பவர்கள் வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். "எனக்குச் சம்மதம் இல்லை, இப்போதைய மீட்டர் சரியாக இயங்குகிறது" என்று இரண்டு வரி, சர்வீஸ் நம்பர், தேதி, கையெழுத்து. ஒரு பிரதியில் ஆபீஸ் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. வந்தவரைக் கையைப் பிடித்துத் தள்ளுவது, மீட்டர் அறைக்குப் பூட்டுப் போடுவது இதெல்லாம் வேண்டாம். அதே சட்டத்தின் 163-ம் பிரிவு, முன்கூட்டிச் சொல்லிவிட்டு உள்ளே வரும் உரிமையை அவர்களுக்குக் கொடுக்கிறது. தடுத்தால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, 24 மணி நேரம் கழிந்ததும் இணைப்பைத் துண்டிக்கலாம். வந்து நிற்கும் பையன் தினக்கூலிக்கு வேலை செய்கிறவன். அவனிடம் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

பள்ளிப்பட்டில் என் தங்கை வீட்டில் இந்தப் பேச்சே இல்லை. எங்களுக்கு மட்டும் ஏன்?

மத்தியத் திட்டம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. தமிழ்நாட்டில் ஸ்மார்ட் மீட்டருக்கு விட்ட டெண்டரில் அதானி நிறுவனம் குறைந்த விலை சொல்லியிருந்தது. அந்த விலையும் அதிகம் என்று 2024 டிசம்பரில் டெண்டரையே ரத்து செய்தார்கள். கேரளத்தில் தனியார் முதலீட்டு முறைக்குத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்ப்புச் சொல்ல, 2023-ல் அரசு அந்த முறையைக் கைவிட்டு மின்வாரியமே நடத்தும் வழிக்குப் போனது. ஆந்திரத்தில் தனியார் ஒப்பந்தம்தான் நடக்கிறது.

இந்த வேறுபாடு தெரியாததால் வாட்ஸ்அப்பில் வரும் எல்லாமே நம்மைப் பற்றியது என்று நினைத்துவிடுகிறோம். "சித்தூரில் வீட்டுக்கு வீடு மாட்டப் போறாங்க" என்று ஒரு குரல் பதிவு எங்கள் தெருவில் சுற்றியது. முழுசாகக் கேட்டால் கொழிஞ்சாம்பாறை பேர் வருகிறது. அது பாலக்காட்டுச் சித்தூர்! செய்தி எந்த மாநிலத்தைப் பற்றியது என்று முதலில் பாருங்கள்.

பில்லை ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். பள்ளிப்பட்டில் இரண்டு மாசத்துக்கு ஒரு பில், அதில் 100 யூனிட் இலவசம். நமக்கு மாசாமாசம். தங்கை வீட்டுப் பில்லையும் உங்கள் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பில் ஏறிவிடுமா?

சக்கர மீட்டரிலிருந்து நேரே ஸ்மார்ட் மீட்டருக்குப் போகிற வீட்டில் ஏற வாய்ப்பு உண்டு. பழைய சக்கரம் தேய்ந்து மெதுவாகச் சுற்றும், சின்னச் சின்ன செலவுக்கு நகரவே நகராது. புது மீட்டர் ஐந்து வாட் அளவையும் கணக்கெடுத்துவிடும். டிவியை அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டால் அது பத்து வாட் இழுக்கும் என்று வையுங்கள். ராப்பகலாக ஒரு மாசத்தில் 7 யூனிட் ஆகிவிடுகிறது.

யூனிட் கொஞ்சம் ஏறினாலும் ரூபாய் ஏன் அதிகமாக ஏறுகிறது என்பதற்கு நம் அடுக்குக் கட்டணம் காரணம். ஆந்திரத்தில் 2022 ஏப்ரலில் வந்த அடுக்கில் முதல் 30 யூனிட் 1.90 ரூபாய், 75 வரை 3 ரூபாய், 125 வரை 4.50, 225 வரை 6 ரூபாய், அதற்கு மேல் 8.75, 400-ஐத் தாண்டினால் 9.75. பழைய மீட்டர் 110 யூனிட் காட்டிய வீட்டில் மின்கட்டணம் மட்டும் 349 ரூபாய் 50 காசு. அதே வீட்டில் உண்மைச் செலவு 130 யூனிட் என்று புது மீட்டர் காட்டினால் 447 ரூபாய். யூனிட் ஏறியது 18 சதவீதம், பணம் ஏறியது 28 சதவீதம். "மீட்டர் ஓடுது" என்று பெரியம்மா சொல்வது இதைத்தான்.

டிஜிட்டலிலிருந்து ஸ்மார்ட்டுக்கு மாறும்போது இப்படி ஏறக் கூடாது. அளக்கும் கருவி அதே தரம். அப்படியும் ஏறினால் சும்மா விடாதீர்கள். ஒத்துப்பார்க்கப் பக்கத்தில் மாட்டும் செக் மீட்டரைக் கேட்பது எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. நம் பில் ஏறியதற்குப் பாதி நேரம் மீட்டர் காரணமே இல்லை. பில்லின் கீழ்ப் பகுதியைப் பாருங்கள். ட்ரூ-அப் என்றும், எரிபொருள் சரிக்கட்டல் என்றும் சில வரிகள் இருக்கும், தெலுங்கில் "சர்துபாட்டு" என்று போட்டிருப்பார்கள். மின்நிறுவனம் வெளியில் அதிக விலைக்கு மின்சாரம் வாங்கினால் அந்தச் செலவை நம்மிடம் வசூலிப்பது அது. யூனிட்டுக்கு 40 காசு வரை மாதாமாதம் தானாகச் சேர்க்க 2023-ல் வழி செய்தார்கள். 130 யூனிட் வீட்டுக்கு அது 52 ரூபாய். மீட்டரைக் கழற்றி எறிந்தாலும் அந்த 52 ரூபாய் போகாது. கோபத்தைச் சரியான வரியின் மேல் காட்ட வேண்டும், அதனால்தான் சொல்கிறேன்.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஒரு இஸ்திரிப் பெட்டியும் கடிகாரமும் போதும்.

மீட்டர் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே 3200 என்றோ 1600 என்றோ ஒரு எண் அச்சிட்டிருக்கும். 3200 என்றால் 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், பிரிட்ஜ், இன்வெர்ட்டர், போன் சார்ஜர் உட்பட. விளக்கு மினுக்குவது நிற்க வேண்டும். அப்புறம் 750 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடுங்கள். 3200 எண் உள்ள மீட்டரில் ஒரு நிமிஷத்துக்கு 40 தடவை மினுக்க வேண்டும். 1600 என்றால் 20 தடவை. இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானே நின்று நின்று எரியும், ஆகவே போட்ட உடனே எண்ணுங்கள்.

ஒருவர் எண்ண, ஒருவர் கடிகாரம் பார்க்க வேண்டும். மீட்டர் போர்டை மட்டும் தொட வேண்டாம். சாயங்காலம் தறிகள் எல்லாம் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 200-க்கு இறங்கிவிட்டால் அதே பெட்டி 30 தடவைதான் மினுக்கவைக்கும். அது மீட்டர் கோளாறு இல்லை, வோல்டேஜ் குறைவு. 40-க்குப் பதில் 50, 55 என்று போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்குகிறதே?

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெரியம்மா வீட்டில் சக்கர மீட்டரை எடுத்து டிஜிட்டல் மாட்டிய புதிதில் மாசம் 90 யூனிட் ஓடிய இடத்தில் 140 ஓடியது. ஆபீஸில் இரண்டு தடவை சொன்னோம். "மீட்டர் சரியாத்தான் இருக்கு" என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று யாரும் வந்து பார்க்கவில்லை.

ஒரு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரியம்மா வீட்டுப் பியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு டார்ச்சை அணைத்துவிட்டு நின்றோம். கும்மிருட்டு. மீட்டரில் சிவப்பு விளக்கு மட்டும் மெதுவாக, ஒன்று... ஒன்று... என்று மினுக்கிக்கொண்டிருந்தது. மேலே அண்ணன் போர்ஷனில் பேன் ஓடும் சத்தம் கேட்டது. மேலே போய் அதை அணைத்தோம். கீழே விளக்கு நின்றுவிட்டது.

பாகம் பிரித்தபோது மேல் வீட்டுக்குத் தனி மீட்டர் வாங்கினார்கள், ஆனால் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரைப் பிரிக்காமல் பழையபடி சேர்த்தே விட்டிருந்தார்கள். மேலே ஓடிய மின்சாரத்தில் ஒரு பங்கு கீழ் மீட்டர் வழியாகத் திரும்பியது. பழைய சக்கரம் அதைக் கவனிக்காது. புது மீட்டர்கள் மின்சாரம் உள்ளே வரும் பேஸ், திரும்பும் நியூட்ரல் இரண்டையும் அளந்து எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். திருட்டைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. விளைவு, ஒரே பேனுக்கு மேலேயும் கீழேயும் பில். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் இரண்டு நியூட்ரலையும் பிரித்துக் கொடுத்தார். அடுத்த மாசம் பெரியம்மாவுக்குப் பழைய கணக்கு வந்தது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடு, மாடியை வாடகைக்கு விட்ட வீடு என்றால் மீட்டர் மாற்றும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள். இந்தப் பக்கம் எழுத உட்கார்ந்ததற்கே இது ஒரு காரணம்.

ப்ரீபெய்டு ஆகிவிட்டால் ராத்திரியில் பணம் தீர்ந்து கரண்ட் போய்விடுமா?

மற்ற பயங்களைவிட இந்தப் பயத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

இன்றைய முறையில் பில் கட்டாவிட்டாலும் மின்சாரச் சட்டத்தின் 56-ம் பிரிவின்படி 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்த பிறகே துண்டிக்கலாம். நடுவில் லைன்மேன் வருவார், "அம்மா, நாளைக்குள்ள கட்டிடுங்க" என்பார். அந்த ஒரு நாள் அவகாசத்தில் எத்தனையோ குடும்பங்கள் தப்பித்திருக்கின்றன. ப்ரீபெய்டில் பணம் தீர்ந்தால் மீட்டர் தானே நிறுத்திவிடும். அதைத் "துண்டிப்பு" என்றே கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2020 விதிகள் சொல்கின்றன. ஆகவே 15 நாள் பாதுகாப்பு அங்கே நமக்கு உதவாது. நெசவுக் குடும்பங்களுக்குக் கூலி வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது, சில வாரம் வருவதே இல்லை. அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆபீஸில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கோளாறினாலும் இது நடக்கலாம். 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று உத்தரப் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் ஒரே சமயத்தில் கரண்ட் போனது. பில் கட்டியவர்களுக்கும் போனது. தப்பான ஒரு கட்டளை, அவ்வளவுதான்.

ஸ்மார்ட் மீட்டர் என்றாலே ப்ரீபெய்டு என்று அர்த்தம் இல்லை, அதே மீட்டரில் மாசக் கடைசியில் பில் வருகிற முறையும் ஓடும். மாட்ட வருகிறவரிடம் "இது ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா?" என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். ப்ரீபெய்டு என்றால் நீங்கள் ஏற்கனவே கட்டிய டெபாசிட் என்ன ஆகிறது என்றும் கேளுங்கள்.

எங்களுக்கு 200 யூனிட் இலவசம் இருக்கிறது. அது போய்விடுமா?

எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களுக்கு உள்ள அந்தச் சலுகைக்கும் மீட்டர் வகைக்கும் சம்பந்தம் இல்லை. மீட்டர் மாறியதும் முதல் பில்லில் உங்கள் பிரிவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எண்களைக் கையால் மாற்றி ஏற்றும்போது தப்பு நேரும்.

வீட்டு மீட்டரிலேயே இரண்டு தறி ஓடுகிறது...

மனசு கஷ்டமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். தறிக்குத் தனி இணைப்பு இருக்க வேண்டும். வீட்டு இணைப்பில் தறி ஓட்டினால் மின்சாரச் சட்டத்தின் 126-ம் பிரிவு வரும்: எத்தனை நாள் என்று தெரியாவிட்டால் 12 மாசத்துக்குக் கணக்குப் போட்டு, இரண்டு மடங்கு கட்டணம். இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை என்பதால் ஓடியது. ஸ்மார்ட் மீட்டர் காலை ஆறு முதல் ராத்திரி வரை ஒரே சீராக மோட்டார் ஓடுவதைக் காட்டிக்கொடுத்துவிடும். தறிக்கு இப்போதே தனி இணைப்புக்கு எழுதிப் போடுங்கள்.

லோடு அதிகம் என்று அபராதம் போடுவார்களா?

உங்கள் இணைப்பு ஒரு கிலோவாட்டுக்கு வாங்கியது, அப்புறம் ஏசி, மோட்டார், கீசர் எல்லாம் வந்துவிட்டது. பெரும்பாலான வீடுகளின் கதை இதுதான். ஸ்மார்ட் மீட்டர் உச்ச அளவைப் பதிவு செய்யும். ஆனால் 2023-ல் மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி இரண்டு பாதுகாப்பு கொடுத்தார்கள். புது மீட்டர் காட்டும் அளவை வைத்து, மாட்டுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக்கூடாது. லோடை உயர்த்துவதானால் ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று தடவை தாண்டியிருக்க வேண்டும், அந்த மாசங்களில் மிகக் குறைந்த அளவைத்தான் எடுக்க வேண்டும். மோட்டாரும் கீசரும் ஒரே நேரத்தில் ஓடாமல் பார்த்துக்கொண்டாலே பல வீடுகளில் பிரச்சினை வராது.

பகலுக்கு ஒரு விலை, சாயங்காலத்துக்கு ஒரு விலை என்கிறார்களே?

அதே 2023 திருத்தத்தில் வந்ததுதான். வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். கேரளத்தில் மாசம் 250 யூனிட்டுக்கு மேல் ஓடும் வீடுகளுக்கு இது நடப்புக்கு வந்துவிட்டது. பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு லாபம்: கிரைண்டர், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் மதியத்துக்கு மாற்றலாம். காலையில் ரயிலேறி ராத்திரி திரும்பும் குடும்பத்துக்கு எல்லாச் செலவும் விலை கூடிய நேரத்தில்தான். சலுகை எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்காது.

கதிர்வீச்சு?

உங்கள் கையில் உள்ள செல்போனின் அதே வகை அலை, விட்டு விட்டு அனுப்பும். போனைக் காதில் வைத்துப் பேசுகிறோம், மீட்டர் வாசல் சுவரில் இருக்கிறது. இதற்காக மறுக்க வேண்டியதில்லை.

நாங்கள் ஊரில் இல்லாததைக் கண்டுபிடித்துவிடுவார்களா?

பார்க்கிறவர் கையில் அந்தக் கணக்கு இருந்தால், முடியும். கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை பதிவாகும் கணக்கில் எப்போது எழுந்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், எந்த நாள் வீடு பூட்டியிருந்தது என்று எல்லாம் தெரியும். நெதர்லாந்தில் இந்தக் காரணத்தைக் காட்டியே 2009-ல் அந்நாட்டு மேலவை, கட்டாய ஸ்மார்ட் மீட்டர் சட்டத்தை ஏற்க மறுத்தது. ஆகவே இது வெறும் கிழவிப் பயம் இல்லை. நம் நாட்டிலும் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. என் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள், எத்தனை வருஷம், வேறு யாருக்குக் கொடுப்பார்கள் என்று ஆபீஸில் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

"இன்று ராத்திரி கரண்ட் கட்" என்று மெசேஜ் வந்தது. ஸ்மார்ட் மீட்டரால் வந்ததா?

இல்லை. திருடர்கள். ஒரு தனி ஆளின் செல் நம்பரைக் கொடுத்து "இதற்கு உடனே கூப்பிடுங்கள்" என்றால் அது மோசடி. கூப்பிட்டால் ஒரு ஆப் இறக்கச் சொல்லி வங்கிப் பணத்தை உருவிவிடுவார்கள். ஸ்மார்ட் மீட்டர் பேச்சு வந்த பிறகு "உங்கள் மீட்டரை அப்டேட் செய்யணும்" என்றும் ஆரம்பிக்கலாம். சந்தேகம் என்றால் 1912-க்குக் கூப்பிடுங்கள், அல்லது கிராம சச்சிவாலயத்தில் இருக்கும் எனர்ஜி அசிஸ்டன்ட்டை நேரில் பாருங்கள்.

மாட்டியாகிவிட்டது. கணக்கு தப்பு என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

மீட்டர் காட்டும் கணக்கு என் செலவுக்குப் பொருந்தவில்லை என்று எழுதிப் புகார் கொடுங்கள். 2024 பிப்ரவரியில் அந்த நுகர்வோர் உரிமை விதிகளில் வந்த திருத்தப்படி, புகார் வந்த ஐந்து நாளுக்குள் இன்னொரு மீட்டரை அவர்கள் பக்கத்தில் மாட்ட வேண்டும். குறைந்தது மூன்று மாசம் இரண்டும் சேர்ந்து ஓடி ஒத்துப்பார்க்க வேண்டும். குஜராத்தில் வடோதராவில் 2024 மே மாசம் மக்கள் தெருவுக்கு வந்த பிறகு, பழைய மீட்டரையே செக் மீட்டராகப் பக்கத்தில் ஓடவிட முடிவு செய்தார்கள். ஆபீஸில் கவனிக்காவிட்டால் அடுத்தது நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம், அதற்கும் மேல் வித்யுத் ஓம்புட்ஸ்மன். வக்கீல் வேண்டியதில்லை.

புகாரைத் தெலுங்கில் எழுத வராதவர்கள் தமிழில் எழுதி, பிள்ளைகளை விட்டு மொழிபெயர்த்து இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். எல்லையில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கும்போது ஒரு பக்க விளக்கத்தைத் தமிழிலும் அச்சடித்துக் கொடுக்க ஆபீஸுக்கு என்ன கஷ்டம்? ஒவ்வொரு தடவை போகும்போதும் நான் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

அம்மா தனியாக இருக்கிறார், தெலுங்கு படிக்க வராது. மாட்ட ஆள் வந்தால் என்ன செய்வார்?

எங்கள் தெருவில் தனியாக இருக்கும் வயசானவர்கள் வீட்டில் மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம். பெரிய எழுத்தில் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு. அப்படியே எழுதிக்கொள்ளலாம்:

"ஐயா, நீங்கள் ஆபீஸ் அடையாள அட்டையைக் காட்டுங்கள். என் மகனுக்கு இந்த நம்பரில் போன் போட்டுப் பேசிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புது மீட்டரின் முதல் ரீடிங்கையும் போட்டோ எடுத்து அதே நம்பருக்கு அனுப்புங்கள். இரண்டு மீட்டரின் சீரியல் நம்பரும் சீட்டில் எழுத வேண்டும். ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா என்று எழுத வேண்டும். பணம் தரமாட்டேன். தெலுங்கில் உள்ள எந்தக் காகிதத்திலும் மகன் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். வெயிலில் வந்திருக்கிறீர்கள், திண்ணையில் உட்காருங்கள், தண்ணீர் தருகிறேன்."

கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது பெரியம்மா.